மஸ்கட்டில் வெயில், மலையில் மழை எச்சரிக்கை: வாடியில் இரவு தங்கலாமா?

ரூவி_தம்பி | புதன், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கட் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பழைய ஆட்களிடம் ஒரு கேள்வி.

இந்த வெள்ளிக்கிழமை அறை நண்பர்கள் ஆறு பேர், இரண்டு வண்டியில், ஹஜர் மலைப் பக்கம் ஒரு வாடிக்கு (மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் காய்ந்த ஆற்றுப் படுகை) போய் இரவு அங்கேயே தங்குவதாகத் திட்டம். கூடாரம், அடுப்பு, கறி எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. போன மாதம் போய் இடத்தைக்கூடப் பார்த்துவிட்டு வந்தோம். படுகையில் நல்ல சமதளம், கூழாங்கல், பக்கத்தில் ஒரு சின்னக் குட்டை, யாரோ முன்பு கல் அடுக்கி அடுப்பு வைத்திருந்த இடம்.

இப்போது வியாழன் மாலை முதல் சனி வரை மலைப்பகுதியில் இடியுடன் மழை, வாடிகளில் தண்ணீர் ஓடலாம் என்று வானிலைத் துறை அறிவித்திருக்கிறது. ஆனால் இங்கே வானம் பளிச்சென்று இருக்கிறது. நாங்கள் தங்க நினைக்கும் ஊரின் பெயரைப் போட்டால் மழை வாய்ப்பு 10 சதவீதம் என்று கைப்பேசிச் செயலி காட்டுகிறது. பாலைவனத்தில் என்ன பெரிய மழை, நாலு தூறல் போட்டு நின்றுவிடும் என்கிறார்கள் நண்பர்கள். நானும் ஊரில் வெள்ளம் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் அது ஏரி நிரம்பி, கரை தளும்பி, ஒரு நாள் முன்னாலேயே ஊருக்குத் தெரிந்து வருவது. இங்கே எப்படி?

நிழல்மரம் | புதன், இரவு 9:52

போகாதீர்கள். காரணம் மற்றவர்கள் விரிவாகச் சொல்வார்கள். கறியைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

டேங்கர்_பாய் | புதன், இரவு 11:05

தம்பி, நான் 19 வருடமாக இந்த நாட்டில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம், மதியம் மூன்றரை மணி இருக்கும். இப்ராவுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் தண்ணீர் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் சாலை ஒரு வாடியைக் கடக்கும். பாலம் கிடையாது, படுகையிலேயே கான்கிரீட் தளம் போட்டிருப்பார்கள். என் தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். தூரத்தில் மலை உச்சியில் மட்டும் கருப்பாக ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. இறக்கத்தில் இறங்கப்போகும்போது வயதான ஒமானி ஒருவர் நடுச்சாலையில் நின்று கையைக் குறுக்கே நீட்டினார். அவருடைய ஆடுகள் அதற்குள் மேட்டில் ஏறி நின்றிருந்தன. "வாதி, வாதி" என்றார். நாம் வாடி என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எட்டிப் பார்த்தேன், படுகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதலில் வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. பழுப்பு நுரை. அதில் ஆட்டுப் புழுக்கை, காய்ந்த சுள்ளி, பேரீச்ச மட்டை, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு ஒரு சாண் உயரத்துக்கு நாக்கு மாதிரி நீண்டு வந்தது. மனிதன் நடக்கிற வேகம்தான். முன்னால் புழுதி கிளம்பியது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் கான்கிரீட் தளம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் பாறைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு போவது, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு இருக்கை வழியாகவே அதிர்ந்து தெரிந்தது. இரவு பத்து மணி வரை அந்தக் கரையிலேயே கிடந்தோம். ஒரு துளி மழை எங்கள் மேல் விழவில்லை.

அவர் மறிக்காமல் இருந்திருந்தால் நான் தளத்தின் நடுவில் இருந்திருப்பேன். அதுவும் காலி டேங்கர். தண்ணீரில் காலி டேங்கர் என்றால் பீப்பாய்தான்.

மேகக்கணக்கு | வியாழன், காலை 6:30

பாய் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை மட்டும் சேர்க்கிறேன்.

தம்பி, செயலி காட்டும் 10 சதவீதம் நீங்கள் கூடாரம் போடப்போகும் புள்ளிக்கு. வாடி வெள்ளத்துக்கு அந்த எண் எதற்கும் ஆகாது. நீங்கள் பார்க்கவேண்டியது, அந்த வாடிக்குள் எங்கெங்கேயிருந்து தண்ணீர் வடிகிறதோ அந்த மலைப்பகுதி முழுவதையும். செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து உங்கள் இடத்தில் விரலை வைத்து, ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். ஒன்று இரண்டாகப் பிரியும், இரண்டு ஏழாகும், கடைசியில் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு முகட்டில் போய் நிற்பீர்கள். அந்த முகட்டில் பெய்வது உங்கள் கூடாரத்துக்குத்தான் வரும்.

பாலைவன இடிமழை பரவலாகப் பெய்வதில்லை. ஓமான் வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது, சூடான பாறை அதை இன்னும் தூக்கிவிடுகிறது. உயரத்தில் குளிர்ந்த காற்றும் வந்து சேர்ந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் கோபுரம் மாதிரி மேகம் எழும்பிவிடும். ஒரு பள்ளத்தாக்கில் கொட்டித் தீர்க்கும், அடுத்த பள்ளத்தாக்கில் காய்ந்து கிடக்கும். மழைமானி எல்லாப் பள்ளத்தாக்கிலும் இருக்காது. அதனால்தான் வானிலைத் துறை "மலைப்பகுதி" என்று பொதுவாகச் சொல்கிறது.

மணல் உறிஞ்சிவிடும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். மணல்மேடு உறிஞ்சும்தான். ஹஜர் மலை மணல்மேடு அல்ல, மொட்டைப் பாறை. மண் இருக்கும் இடத்திலும் முதல் பெரிய துளிகள் அடித்து நுண்துகள்கள் மண்ணின் சின்னத் துளைகளை அடைத்துக்கொள்ள, மேலே ஓடு மாதிரி கெட்டிப்பட்டுவிடும். பிடித்து வைக்கப் புல் இல்லை, வேர் இல்லை. இந்தியாவின் தார் பாலைவனத்திலேயே 2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டம் மூழ்கியது. அங்கே கவாஸ் என்ற ஊரில் மண்ணுக்கு அடியில் ஜிப்சம் படுகை. தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்றது.

பாய் சொன்னதைப் போலவே நடந்த இன்னொன்று: அமெரிக்காவின் அரிசோனாவில், 1997 ஆகஸ்ட் 12. ஆன்டிலோப் பள்ளத்தாக்கு என்று ஒரு குறுகலான பாறைப் பிளவு. மேலே பல கிலோமீட்டர் தள்ளி இடிமழை. பிளவுக்குள் நின்ற சுற்றுலாப் பயணிகளில் 11 பேர் இறந்தார்கள். வழிகாட்டி ஒருவர் மட்டும் பிழைத்தார்.

ஃபோர்வீல்_பிரியன் | வியாழன், காலை 8:15

எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் பத்து வருடமாக வாடிகளுக்குப் போய்வருகிறேன். மழை அறிவிப்பு வந்த பாதி நாட்கள் ஒன்றுமே நடக்கவில்லை. ஒவ்வோர் அறிவிப்புக்கும் வீட்டில் உட்கார்ந்தால் இந்த நாட்டின் அழகையே பார்க்க முடியாது. வண்டி உயரமாக இருந்து, ஓட்டத் தெரிந்து, தண்ணீர் முட்டிக்குக் கீழே இருந்தால் நிதானமாகக் கடக்கலாம். நான் கடந்திருக்கிறேன். தம்பிக்கு என் யோசனை: போங்கள், ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

சாலைப்பொறியாளர் | வியாழன், காலை 10:20

ஃபோர்வீல் சார், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் வாடி கடக்கும் தளங்களை வடிவமைப்பதுதான் என் வேலை, அதனால் கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் தண்ணீரின் அளவு. ஒரு நடுத்தர வாடியின் நீர்ப்பிடிப்பு 100 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 மில்லிமீட்டர் மழை, அதிலும் பாதி மட்டும் ஓடிவருகிறது என்றால் 10 லட்சம் கன மீட்டர். பாய்க்குப் புரிகிற மாதிரி சொன்னால், 20 ஆயிரம் லிட்டர் டேங்கர் 50 ஆயிரம். அத்தனையும் சில மணி நேரத்தில் ஒரே வாசல் வழியாக வெளியே வந்தாக வேண்டும்.

அடுத்து வண்டி. தண்ணீர் ஒவ்வோர் அடி உயரும்போதும் ஒரு சாதாரணக் காரின் எடையில் ஏறத்தாழ 700 கிலோவைத் தூக்கிவிடுகிறது. இரண்டடியில் 1,400 கிலோ போய்விட்டது, சின்னக் கார் அதற்குள் மிதக்கும். உங்கள் இரண்டரை டன் வண்டிக்கு டயரில் மிச்சம் இருப்பது ஒரு டன் சொச்சம். பக்கவாட்டில் தண்ணீர் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாக ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மனிதனுக்கு அரை அடி ஓடும் தண்ணீரே காலை வாரப் போதும். முட்டி அளவு என்று நீங்கள் சொல்வதை நான் எந்த வண்டிக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், கடந்துவிட்டேன் என்று சொல்கிறீர்கள். தண்ணீருக்கு அடியில் தளம் இருந்ததால் கடந்தீர்கள். வெள்ளம் முதலில் அரிப்பது தளத்தின் கீழ்ப்பக்க ஓரத்தைத்தான். மேலே பார்த்தால் ஒரே பழுப்பு, உள்ளே பாதித் தளம் போயிருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம்ம ஊரில் சொல்வது இதற்கே சொன்ன மாதிரி இருக்கிறது.

தளங்களின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பம் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் பக்கத்திலேயே பலகையும் இருக்கும்: தண்ணீர் சிவப்பைத் தொட்டால் நில். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. தயவுசெய்து நில்லுங்கள்.

நிழல்மரம் | வியாழன், காலை 11:02

2024 ஏப்ரல் 14. சமத் அல் ஷான் பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியை வாடி இழுத்துக்கொண்டு போனது. ஒமானில் அந்த மழை முடிவதற்குள் இறந்தவர்கள் இருபது பேர் அளவில், அதில் பாதி அந்தப் பிள்ளைகள். என் மகனுக்கும் அப்போது அதே வயது. மறுநாள் பள்ளிகளை மூடினார்கள். வீட்டுக்குள் விளையாடிக்கொண்டிருந்த அவனை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

பாதி நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பாதி நாட்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

குசைஸ்வாசி | வியாழன், மதியம் 1:30

நிழல்மரம் அக்கா சொன்ன அதே மழைதான் இரண்டு நாள் கழித்து இங்கே துபாயில், அமீரகத்தில் எங்களைப் பிடித்தது. ஏப்ரல் 16. அல் ஐனை ஒட்டிய கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர். இந்த நாட்டில் 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுதான் உச்சம். துபாயில் ஒரு வருடத்துக்கே 100 மில்லிமீட்டர் வராது. எங்கள் கட்டடத்துக்கு அடியில் நிறுத்தியிருந்த கார்களின் கூரை மட்டும் தெரிந்தது.

செயற்கை மழைக்கு விதை தூவியதால் வந்தது என்று இன்னும் பலர் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் புயலின்போது தூவவில்லை என்று அமீரக வானிலை மையமே சொன்னது. வளைகுடா முழுக்கப் பரவிய மேகக்கூட்டத்தை நாலு விமானம் உருவாக்க முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடிக்கும், அதைப் பற்றிப் பேசலாம்.

இங்கே சட்டமும் மாறிவிட்டது. 2023-இல் வந்த விதியில், தண்ணீர் ஓடும் வாடிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம், 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல் என்று இருந்தது. கடக்காமல் வேடிக்கை பார்க்க மழை நேரத்தில் வாடிக் கரையில் கூடினாலே 1,000 திர்ஹம், 6 புள்ளி என்று அதே விதியில் இருந்தது. 24 புள்ளியில் உரிமம் போய்விடும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒமானிலும் ஓடும் வாடியைத் தெரிந்தே கடந்தால் சிறை வரை போகும்.

ரூவி_தம்பி | வியாழன், மாலை 4:10

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் மாறிவிட்டார்கள். மீதிப் பேர் சொல்வது: படுகை வேண்டாம், பக்கத்தில் உயரமான பாறை மேட்டில் கூடாரம் போட்டால் வெள்ளம் எட்டாதே? இது சரியா?

மேகக்கணக்கு | வியாழன், மாலை 4:45

வெள்ளம் எட்டாது, மின்னல் எட்டும். வாடியை மட்டும் பேசிக்கொண்டிருந்ததில் இதை விட்டுவிட்டோம்.

மொட்டை மேட்டில் சுற்றிலும் இருப்பதிலேயே உயரமானது உங்கள் தலையும் கூடாரக் கம்பியும்தான். கூடாரம் மின்னலுக்கு ஒரு பாதுகாப்பும் தராது. தனியாக நிற்கும் மரத்தடி அதைவிட மோசம். கூரை உலோகமாக உள்ள மூடிய கார்தான் அங்கே கிடைக்கும் நல்ல இடம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகப் பகுதியைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று வினாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் வண்டிக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே இறங்க வேண்டும். மழை நின்றதும் ஓடிவந்து துணி எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த அரை மணி நேரத்தில்தான்.

இன்னொன்று காற்று. மேகத்திலிருந்து மழை தொங்குவது தெரியும், ஆனால் தரையைத் தொடாது, பார்த்திருக்கிறீர்களா? வறண்ட காற்றில் துளிகள் வழியிலேயே ஆவியாகின்றன. அப்போது அந்தக் காற்று சட்டென்று குளிர்ந்து கனத்து, மொத்தமாகக் கீழே விழுந்து எல்லாப் பக்கமும் பாய்கிறது. நின்ற இடத்தில் கூடாரம் பறக்கும். நெடுஞ்சாலையில் அதுவே புழுதிச் சுவராக வரும். மாட்டினால் சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்தி, விளக்குகளை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதுதான் சாலை என்று நினைத்து உங்கள் மேல் ஏற்றிவிடுவார்.

சரி, சுருக்கமான பதில்: மேடு போதாது. இந்த வாரம் மலையே வேண்டாம்.

சாலைப்பொறியாளர் | வியாழன், மாலை 5:20

மேட்டில் போய் மாட்டிக்கொள்ளும் சிக்கலும் இருக்கிறது. உங்கள் மேட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் எத்தனை வாடி கடக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் ஒரே இரவில் ஓடினால் இரண்டு நாள் குடிநீரோடு அங்கே இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் ஒரே நாளில் சுமார் 37 மில்லிமீட்டர் பெய்ததற்கே சாலைகள் அறுந்து ஏறத்தாழ 1,000 பேர் உள்ளே சிக்கினார்கள்.

இன்னொரு நாள் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். படுகையில் நிற்கும் சமுர் என்ற முள்மரங்களின் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். காய்ந்த புல்லும் சுள்ளியும் கந்தைத் துணியும் கொத்தாகச் சிக்கியிருக்கும். பறவை கட்டியது என்று நினைப்பார்கள். அது போன வெள்ளம் வந்துபோன உயரம். புதிய வாடிக்குப் போனால் நான் முதலில் தேடுவது அதைத்தான், வரைபடத்தைப் பிறகுதான் எடுப்பேன்.

ஃபோர்வீல்_பிரியன் | வியாழன், இரவு 8:50

நாள் முழுக்க யோசித்தேன். நான் கடந்த தண்ணீர்களில் தளம் இருந்தது என்று நம்பித்தான் கடந்தேன், பார்த்துக் கடக்கவில்லை. பொறியாளர் சொன்ன பிறகு அது உறைக்கிறது. எல்லா அறிவிப்புக்கும் வீட்டில் உட்காருவதை இன்னும் ஏற்க முடியவில்லை. ஆனால் தண்ணீர் ஓடும்போது கடக்கலாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தம்பி, அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டேங்கர்_பாய் | வியாழன், இரவு 10:30

இதைச் சொல்லப் பெரிய மனசு வேண்டும், சகோதரா.

எல்லோருக்கும் இன்னும் ஒரு விஷயம். தண்ணீர் வடிகிறது என்று பார்த்ததும் அவசரப்பட்டு இறங்காதீர்கள். பெரிய வாடிக்குப் பல கிளை. பக்கத்துக் கிளையின் தண்ணீர் முதலில் வந்து வடியும், தூரத்துக் கிளையின் தண்ணீர் ஒரு மணி நேரம் கழித்து வரும். இரண்டாவது முறை வருவது பெரிதாகவும் இருக்கலாம். தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினால், சுள்ளி மிதந்து வந்தால், காற்றே இல்லாமல் ஈரமண் வாசனை அடித்தால், லாரி வருகிற மாதிரி மேலே உறுமல் கேட்டால், வண்டியையும் கூடாரத்தையும் விட்டுவிட்டுப் பக்கச் சரிவில் ஏறு. படுகையோடு கீழே ஓடாதே, அது உன்னைவிட வேகமாக வரும். அவசர உதவி எண் 9999 கைப்பேசியில் இருக்கட்டும். மலைக்குள் சிக்னல் கிடைக்காது, அதனால் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஊரில் இருக்கிற ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ.

ரூவி_தம்பி | வெள்ளி, காலை 7:15

போகவில்லை. கறியை மொட்டை மாடியில் சமைக்கிறோம். ஒருவனுக்கு மட்டும் கோபம், சாப்பிட்டால் தணிந்துவிடும்.

ரூவி_தம்பி | அடுத்த சனி, மாலை 6:40

மறுபடியும் வந்திருக்கிறேன். அந்த இடத்தைப் பார்க்காமல் மனசு ஆறவில்லை. வானிலை தெளிந்து ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, நேற்று போனோம்.

நாங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த சமதளம் இல்லை. கல் அடுப்பு இருந்த இடத்தில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறை கிடக்கிறது. போன தடவை அது அங்கே இல்லை, படம் எடுத்து வைத்திருக்கிறேன். குட்டை மண்ணில் மூடிவிட்டது. வண்டல் காய்ந்து வெடித்து, ஓரமெல்லாம் சுருண்டு பொரித்த அப்பளம் மாதிரி கிடக்கிறது. ஒன்றைப் பெயர்த்தேன், அடியில் இன்னும் ஈரம். பொறியாளர் அண்ணன் சொன்ன மாதிரி சமுர் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். பச்சை வாடாத ஒரு கொத்துப் புல், அதில் ஒரு குழந்தைச் செருப்பு, என் தோளுக்கு மேலே சிக்கியிருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கோபப்பட்ட நண்பன்தான் கையை நீட்டி உயரத்தை அளந்து பார்த்தான்.

திரும்பும்போது சாலையோரக் கடைக்காரரிடம், போன வெள்ளிக்கிழமை இங்கே நல்ல மழையா என்று கேட்டோம். மழையா, ஒரு தூறல்கூடப் போடவில்லை என்றார்.

டேங்கர்_பாய் | அடுத்த சனி, இரவு 9:00

அல்ஹம்துலில்லாஹ். இரவு தங்கினீர்களா? கூடாரம் எங்கே போட்டீர்கள்?

ரூவி_தம்பி | அடுத்த சனி, இரவு 9:12

தார்ச்சாலையை ஒட்டிய மேட்டில், பாய். நடுவில் ஒரு வாடிகூடக் கடக்கவில்லை. வண்டியின் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தோம்.